மூளைக்குள் தாய்ச் செல் எது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழின் துணுக்குப் பகுதியில், வளர்ந்த பாலூட்டிகளின் மூளையிலும் நரம்புக் குருத்தணுக்கள் உண்டு என்று இரண்டே வரியில் எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில், சிகிச்சையைப் பற்றிக் கேட்டவற்றைவிட, ‘இந்தச் செல்தான் அது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?’ என்று கேட்டவையே மிகுதி. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். ஸ்டெம் செல் என்று பலரும் சொல்வதையே இங்கே குருத்தணு என்று எழுதுகிறோம்.

கேள்வி: பிறந்த பிறகு மூளையில் நியூரான் எதுவும் புதிதாக உண்டாவதில்லை என்றுதான் நான் படித்தேன், முப்பது ஆண்டுகள் மாணவர்களுக்கும் அப்படியே சொல்லிக்கொடுத்தேன். தவறாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேனா? (ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை)

பதில்: பெரிய தவறு ஒன்றும் நேர்ந்துவிடவில்லை. முதிர்ந்த நியூரான் இரண்டாகப் பிளவுபடுவதில்லை என்பது இன்றும் உண்மை. மூளையின் மிகப் பெரும் பகுதியில் இறந்த நியூரானுக்கு மாற்று வருவதில்லை என்பதும் உண்மை. நரம்பியலின் தந்தை என்று போற்றப்படும் ஸ்பெயின் நாட்டு ரமோன் இ கஹால், வளர்ந்த மூளையில் எல்லாம் சாகலாம், எதுவும் மீண்டும் பிறக்காது என்ற கருத்தில் எழுதியது பல தலைமுறைகளுக்கு வேதவாக்காக இருந்தது. நீங்கள் படித்த பாடம் அதிலிருந்து இறங்கி வந்ததுதான்.

அதில் முதல் விரிசலை உண்டாக்கியவர் ஜோசப் ஆல்ட்மன். செல் பிளவுபடுவதற்கு முன் தன் டி.என்.ஏ.வைப் பிரதி எடுத்தாக வேண்டும்; அதற்குத் தைமிடின் என்ற மூலப்பொருள் வேண்டும். அந்தத் தைமிடினில் கதிரியக்க ஹைட்ரஜனைச் சேர்த்து எலிக்குச் செலுத்தினால், அந்நேரம் பிளவுபடத் தயாராகும் செல்கள் மட்டும் அதை உள்வாங்கிக்கொள்ளும். பின்னர் மூளையை மெல்லிய சீவல்களாக அறுத்து, ஒளிப்படப் பசை பூசி, இருட்டில் வாரக்கணக்கில் காத்திருந்து கழுவிப் பார்த்தால், கதிரியக்கம் ஏறிய உட்கருவின் மேல் மட்டும் கரும்புள்ளிகளாக வெள்ளித் துகள்கள் படிந்திருக்கும். 1962இல் வளர்ந்த எலியின் மூளையிலும், தாஸ் என்பவருடன் சேர்ந்து 1965இல், நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதியிலும், நியூரான் போலத் தோன்றிய செல்களின் மேல் அந்தப் புள்ளிகளைக் கண்டதாக ஆல்ட்மன் எழுதினார்.

‘போலத் தோன்றிய’ என்ற சொல்தான் வினையாயிற்று. அவை நியூரான்கள்தாமா, அருகிலிருந்து நியூரான்களுக்குத் துணைசெய்யும் க்ளையா செல்களா என்று அன்றைய நுண்ணோக்கியால் ஐயமறச் சொல்ல முடியவில்லை. 1977இல் மைக்கேல் காப்லன் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அவற்றின் நரம்பிணைப்புகளைக் காட்டிய பிறகும் பலர் அசையவில்லை. குரங்குகளில் புதிய நியூரான்களைக் காணவில்லை என்று பாஸ்கோ ரகிச் 1985இல் எழுதியது மறுப்பாளர்களுக்குத் தெம்பூட்டியது. கானரிப் பறவைகளின் மூளையில் பாட்டுக்குரிய பகுதியில் புதிய நியூரான்கள் சேர்வதை 1980களில் ஃபெர்னான்டோ நாட்டபோம் காட்டியபோதும், பறவைக்கு ஒரு நியாயம், பாலூட்டிக்கு ஒரு நியாயம் என்றே பேசினார்கள்.

இனி உங்கள் பாடத்தில் இப்படி ஒரு வரி சேர்த்தால் போதும்: எலி, சுண்டெலி போன்ற பாலூட்டிகளில் இரண்டு இடங்கள் விதிவிலக்கு. ஒன்று, மூளைக்குள் நீர் நிறைந்திருக்கும் பக்க அறைகளின் சுவர். அங்கே பிறக்கும் இளம் நியூரான்கள் முன்னோக்கி நகர்ந்து முகர்வுக் குமிழை அடைகின்றன. மற்றொன்று, ஹிப்போகேம்பஸின் டென்டேட் ஜைரஸ் என்ற வளைவு.

கேள்வி: குருத்தணுவுக்கென்று தனி வடிவமோ நிறமோ இருக்காதா? நல்ல நுண்ணோக்கியில் பார்த்தால் தெரிந்துவிடாதா? (கல்லூரி மாணவர்)

பதில்: தெரியாது. இந்தப் பகுதியில் வந்த கேள்விகளுக்கெல்லாம் திறவுகோல் உங்களுடைய கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நியூரானுக்கு நீண்ட வால் உண்டு. சிவப்பணுவுக்குத் தட்டு வடிவம் உண்டு. குருத்தணு என்பதோ உருவத்தைக் குறிக்கும் பெயரன்று, செயலைக் குறிக்கும் பெயர். இரண்டு செயல்கள்: பிளவுபடும்போது தன்னைப் போல ஒன்றை மிச்சம் வைத்துக்கொள்ள வேண்டும், நியூரான், ஆஸ்ட்ரோசைட் (க்ளையா செல்களில் ஒரு வகை) என ஒன்றுக்கு மேற்பட்ட வகைச் செல்களைப் பெற்றுத் தர வேண்டும். ஒருத்தி தாயா இல்லையா என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பிள்ளையைக் காட்டித்தான் சொல்ல முடியும். அதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. செல் பிளவுபட்ட கணத்திலேயே பழைய தாய் இல்லாமற்போய் இரண்டு மகள் செல்கள்தான் மிஞ்சுகின்றன. ஆகவே, எந்தச் செல்லையும் ‘இது குருத்தணுவாக இருந்தது’ என்று பின்னோக்கித்தான் உறுதியாகச் சொல்ல முடிகிறது.

ஆய்வகங்களில் அடையாளப் புரதங்களைக் கொண்டு சாயம் ஏற்றுகிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். நெஸ்டின், சாக்ஸ்2, ஜி.எஃப்.ஏ.பி. ஆகியவை அடிக்கடி அடிபடும் பெயர்கள். ஆனால் ஜி.எஃப்.ஏ.பி. என்பது சாதாரண ஆஸ்ட்ரோசைட்டிலும் இருக்கிறது. காயம்பட்ட இடத்து ஆஸ்ட்ரோசைட்டில் நெஸ்டினும் தலைகாட்டுகிறது. சாக்ஸ்2 பல வகைச் செல்களில் இருக்கிறது. ஒரே சீருடையில் நூறு பேர் நிற்கும் இடத்தில் சீருடையைக் காட்டி ஆளைப் பிடிப்பது போன்றது இது. இரண்டு மூன்று குறிகளைச் சேர்த்துப் பார்த்தால் வட்டம் சுருங்கும், தீர்ப்பாகாது.

கேள்வி: மூளைச் செல்களைக் கிண்ணத்தில் வளர்த்தால் குருத்தணுக்கள் மட்டும் உருண்டையாகத் திரளும் என்று படித்தேன். அதுவே போதுமான சான்று அல்லவா? (ஆய்வக உதவியாளர்)

பதில்: நீங்கள் குறிப்பிடுவது நியூரோஸ்பியர் முறை. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் பிரென்ட் ரேனால்ட்ஸும் சாமுவேல் வைஸும் 1992இல் வெளியிட்டது. வளர்ந்த சுண்டெலியின் மூளைத் திசுவைத் தனித்தனிச் செல்களாகப் பிரித்து, சீரம் இல்லாத ஊடகத்தில் ஈ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணியைச் சேர்த்து வைத்தார்கள். பெரும்பாலான செல்கள் செத்துப்போயின. எஞ்சிய சில பிளவுபடத் தொடங்கின. சில நாட்களில் அடித்தளத்தை விட்டு எழும்பி, ஊடகத்தில் மிதக்கும் சிறு உருண்டைகளாயின. அவற்றிலிருந்து நியூரான்களும் ஆஸ்ட்ரோசைட்டுகளும் உருவாயின. வளர்ந்த மூளையிலும் அத்தகைய திறன் ஒளிந்திருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான முதற்சான்று வேறில்லை.

ஆனால் கிண்ணம் என்பது மூளையன்று. உருண்டைகள் நகர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அப்போது ஓர் உருண்டை ஒரே செல்லின் வாரிசு என்று சொல்ல முடியாது. இதைவிடப் பெரிய குறை 2002இல் வெளிப்பட்டது. மூளைக்குள் வேகமாகப் பிளவுபட்டு, சில சுற்றுகளில் தீர்ந்துபோகும் இடைநிலைச் செல்கள்கூட, ஈ.ஜி.எஃப். கொடுத்தால் கிண்ணத்தில் குருத்தணுவைப் போல நடந்துகொள்கின்றன என்று ஃபியோனா டெட்ச்சும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். அதாவது, உருண்டை உருவானால் அந்தச் செல்லால் என்ன செய்ய இயலும் என்று தெரியும். அது தன் சொந்த இடத்தில் என்ன செய்துகொண்டிருந்தது என்று தெரியாது. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்ட கட்டுரைகள் எத்தனையோ.

கேள்வி: 1999இல் ஒரே ஆண்டில், ஒரே ஆய்விதழில், இரண்டு குழுக்கள் இருவேறு செல்களை மூளைக் குருத்தணு என்று அறிவித்ததாகக் கேள்விப்பட்டேன். யார் சொன்னது சரி? இவ்வளவு பெரிய ஆய்வாளர்கள் எப்படி முரண்பட முடியும்? (மருத்துவ மாணவி)

பதில்: நல்ல கேள்வி, விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் இடத்தைக் கண்முன் கொண்டுவருவோம். பக்க அறையின் நீரை ஒட்டி ஒற்றை அடுக்காக எபென்டைமல் செல்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் கொத்துக் கொத்தாக மயிர் போன்ற குற்றிழைகள் அசைந்து மூளை நீரைத் தள்ளிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு அடுத்து உள்ளே ஆஸ்ட்ரோசைட்டுகள், வேகமாகப் பெருகும் இடைநிலைச் செல்கள், சங்கிலி போல வரிசைகட்டி நகரும் இளம் நியூரான்கள் ஆகியவை நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. சில செல்களின் கனமே உள்ள இந்தச் சுவருக்குள்தான் வழக்கு.

அந்த ஆண்டு ஜனவரியில், ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யோனாஸ் ஃப்ரிசேனின் குழு, எபென்டைமல் செல்லே குருத்தணு என்று ‘செல்’ இதழில் எழுதியது. அவர்கள் டி.ஐ.ஐ. என்ற ஒளிரும் சாயத்தை அறையின் நீருக்குள் செலுத்தினார்கள். நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் செல்கள் மட்டுமே சாயத்தை வாங்கும்; தொட்டுக்கொண்டிருப்பவை எபென்டைமல் செல்கள். சில நாட்கள் கழித்து முகர்வுக் குமிழின் புதிய நியூரான்களில் அதே சாயம் தென்பட்டது. சாயம் ஏறியவற்றின் பிள்ளைகள்தாம் இவை என்றால், தாய் எபென்டைமல் செல்தான். வாதம் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது.

ஜூனில், அதே இதழில், நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்திலிருந்து டெட்ச்சும் ஆர்துரோ அல்வாரெஸ்-பூய்யாவும் குழுவினரும், இல்லை, ஆஸ்ட்ரோசைட்தான் என்று எழுதினார்கள். அவர்கள் கையாண்ட வழி ஏறத்தாழ நேர்மாறானது. சைட்டோசின் அராபினோசைடு என்ற மருந்தை ஆறு நாட்கள் மூளைக்குள் செலுத்தி, வேகமாகப் பிளவுபடும் செல்களையெல்லாம் கொன்றுவிட்டார்கள். இடைநிலைச் செல்களும் இளம் நியூரான்களும் மறைந்தன. எஞ்சியவை எபென்டைமல் செல்களும் சில ஆஸ்ட்ரோசைட்டுகளும். மருந்தை நிறுத்தியதும் அந்தத் தோட்டம் மீண்டும் துளிர்த்தது: முதலில் ஆஸ்ட்ரோசைட்டுகள் பிளவுபட்டன, பிறகு இடைநிலைச் செல்கள் வந்தன, அதன்பின் இளம் நியூரான்கள். நெடுநாள் கழித்துப் பார்த்தபோதும் பிளவுக் குறியைத் தக்கவைத்திருந்தவை ஆஸ்ட்ரோசைட்டுகளே. எபென்டைமல் செல்களில் அது இல்லை.

இதோடு விட்டிருந்தால், மருந்தால் நொந்துபோன மூளையில் நடந்தது இயல்பான மூளைக்குப் பொருந்துமா என்று கேட்டிருப்பார்கள். அதற்கும் ஒரு வழி செய்திருந்தார்கள். பறவைகளை மட்டுமே தாக்கும் வைரஸ் ஒன்று உண்டு. அது நுழைவதற்கான ஏற்பி பாலூட்டிச் செல்களில் இல்லை. ஜி.எஃப்.ஏ.பி. உற்பத்தியாகும் செல்களில் மட்டும் அந்த ஏற்பி முளைக்கும்படி மரபு மாற்றிய சுண்டெலிகளுக்கு, அடையாள மரபணு ஏற்றிய வைரஸைச் செலுத்தினார்கள். பூட்டு ஆஸ்ட்ரோசைட்டில் மட்டும். சாவி வைரஸின் கையில். மருந்து எதுவும் படாத அந்த மூளைகளில், முகர்வுக் குமிழின் புதிய நியூரான்களில் அந்த அடையாளம் வந்து சேர்ந்தது. இந்தத் துறையில் நான் படித்த சோதனைகளில் இதைவிட நயமானது அதிகம் இல்லை.

அப்படியானால் ஃப்ரிசேன் குழுவின் சாயம் பொய் சொன்னதா? இல்லை, சாயம் உண்மையைத்தான் சொன்னது, கேட்டவர்கள் அதற்குக் கொடுத்த பொருள்தான் பிசகியது. 2008இல் மிர்ஸாதே உள்ளிட்ட அல்வாரெஸ்-பூய்யா குழுவினர், அறைச் சுவரைக் குறுக்கே அறுக்காமல், அப்படியே உரித்தெடுத்து நீர்ப்பக்கத்திலிருந்து நேராகப் பார்த்தார்கள். எபென்டைமல் செல்கள் காற்றாடியின் இதழ்களைப் போல வட்டமாக அடுக்கியிருந்தன. அந்தக் காற்றாடியின் நடுவே, ஊசி குத்தும் இடத்தில், ஆஸ்ட்ரோசைட்டின் மெல்லிய முனை ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் நுனியில் ஒரே ஒரு குற்றிழை. பக்கவாட்டுச் சீவல்களில் எளிதில் கண்ணில் படாத இந்த முனை, அறையின் நீரைத் தொடுகிறது. எனவே நீருக்குள் செலுத்திய சாயம் எபென்டைமல் செல்லுக்கு மட்டும் போய்ச்சேர்ந்தது என்று இனிமேல் சொல்ல முடியாது.

இயல்பான சுண்டெலி மூளையைப் பொறுத்தவரை வழக்கு ஆஸ்ட்ரோசைட்டின் பக்கம் முடிந்துவிட்டது என்றே சொல்லலாம். எபென்டைமல் செல்கள் ஒருமுறை முதிர்ந்தபின் பிளவுபடுவதில்லை என்று 2005இல் காட்டினார்கள். இருந்தாலும் ஃப்ரிசேன் குழுவை முழுத் தோல்வியாளராக்குவது நியாயமாகாது. தண்டுவடத்தில் காயம் பட்டால் எபென்டைமல் செல்கள் பெருகி, வடுவில் சேரும் ஆஸ்ட்ரோசைட்டுகளைத் தருகின்றன என்று அதே 1999 கட்டுரையில் அவர்கள் சொன்னது பிற்காலச் சோதனைகளிலும் நின்றது. பக்கவாதத்துக்குப் பிறகு முன்மூளையின் எபென்டைமல் செல்களும் விழித்தெழுந்து இளம் நியூரான்களைத் தருகின்றன என்றும், ஆனால் அப்போது எபென்டைமல் செல்களே செலவாகித் தீர்கின்றன என்றும் 2009இல் அவர்களே எழுதினார்கள். தன்னை மிச்சம் வைத்துக்கொள்ளாத செல்லைக் குருத்தணு என்று அழைப்பதில்லை என்பதை மேலே பார்த்தோம்.

கேள்வி: குருத்தணு பெரும்பாலும் தூங்கிக்கொண்டே இருக்கும் என்கிறார்கள். பிளவுபடாத செல்லை எப்படிப் பிடிப்பது? (வாசகர் ஒருவர்)

பதில்: பிளவுக் குறியைக் கொடுத்துவிட்டு நெடுநாள் காத்திருப்பது பழைய வழி. வேகமாகப் பிளவுபடுபவற்றில் குறி பாதி பாதியாகக் கரைந்துபோகும். ஒருமுறை பிளவுபட்டுத் தூங்கப்போன செல்லில் அப்படியே இருக்கும். 2014இல் டெட்ச் குழு வேறு வழியைக் காட்டியது. ஜி.எஃப்.ஏ.பி., சிடி133 ஆகிய இரண்டு புரதங்களும் இருந்து ஈ.ஜி.எஃப். ஏற்பி இல்லாதவை தூங்கும் குருத்தணுக்கள். மூன்றும் இருப்பவை விழித்தவை. தூங்குபவற்றில் நெஸ்டின்கூட இல்லை. குருத்தணு என்றாலே நெஸ்டின் என்று மனப்பாடம் செய்தவர்களுக்கு இது சற்றே கசப்பான செய்தி.

கேள்வி: ஹிப்போகேம்பஸிலும் இதே கதைதானா? (கல்லூரி மாணவர், இரண்டாம் கேள்வி)

பதில்: தொடக்கம் ஒன்றே, அங்கும் ஆஸ்ட்ரோசைட் இயல்புள்ள செல்கள்தாம் தாய் என்று 2001இல் காட்டினார்கள். பிணக்கு அவற்றின் ஆயுளில் வந்தது. 2011இல் ஒரு குழு, தனித்தனிச் செல்களுக்குக் குறியிட்டு வாரிசுகளை எண்ணி, அவை தம்மைப் புதுப்பித்துக்கொள்கின்றன என்றது. அதே ஆண்டு மற்றொரு குழு, ஒருமுறை விழித்த குருத்தணு சில பிளவுகளுக்குப் பின் சாதாரண ஆஸ்ட்ரோசைட்டாகி ஓய்ந்துவிடுகிறது என்றது.

சூரிக்கில் செபாஸ்டியன் யெஸ்பெர்கரின் குழு, உயிருள்ள சுண்டெலியின் மூளைக்கு மேல் சிறு சாளரம் பொருத்தி, இரட்டை ஃபோட்டான் நுண்ணோக்கியால் அதே செல்களை இரண்டு மாதம் வரை திரும்பத் திரும்பப் பார்த்தது. ஏ.எஸ்.சி.எல்1 என்ற மரபணுவைக் கொண்டு குறியிட்ட செல்கள் விழித்தபின் சில சுற்றுகள் மட்டுமே பிளவுபட்டுத் தீர்ந்தன என்பது 2018இன் முடிவு. ஜி.எல்.ஐ.1 மரபணுவைக் கொண்டு குறியிட்டபோது நெடுங்காலம் தம்மைப் புதுப்பித்துக்கொள்ளும் செல்கள் அகப்பட்டன என்பது 2021இன் முடிவு. எந்த வலையை வீசினோமோ அந்த வலையின் கண்ணுக்கேற்ற மீன் சிக்கியது. ஒரே குழு இரண்டு வலைகளையும் வீசிப் பார்த்ததால்தான் இது தெளிவாயிற்று.

கேள்வி: எலியை விடுங்கள். மனித மூளையில் உண்டா, இல்லையா? (பலர்)

பதில்: மனிதருக்குச் சாயம் ஏற்றி, பிறகு மூளையை அறுத்துப் பார்க்க முடியாது என்பதால் சான்றுகள் எல்லாம் சுற்றுவழியில்தான் வருகின்றன. புற்றுநோயின் வளர்ச்சியை அளக்க பி.ஆர்.டி.யூ. என்ற பிளவுக் குறி செலுத்தப்பட்டிருந்த ஐந்து நோயாளிகளின் மூளையை அவர்கள் இறந்தபின் ஆராய்ந்து, ஹிப்போகேம்பஸில் குறியேறிய நியூரான்களைக் கண்டதாக எரிக்சன், கேஜ் உள்ளிட்டோர் 1998இல் எழுதினார்கள். ஃப்ரிசேன் குழு 2013இல் அணுகுண்டையே கடிகாரமாக்கியது. வளிமண்டலச் சோதனைகளால் ஏறிய கார்பன்-14, 1963ஆம் ஆண்டுத் தடை உடன்படிக்கைக்குப் பிறகு படிப்படியாக இறங்கியது. ஒரு செல் பிறந்த காலத்துக் காற்றின் கார்பன்-14 அளவு அதன் டி.என்.ஏ.வில் பதிந்திருக்கும். அதைக் கணக்கிட்டு, ஒவ்வொரு ஹிப்போகேம்பஸிலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 700 நியூரான்கள் சேர்கின்றன என்றார்கள். முகர்வுக் குமிழில், எலிக்கு மாறாக, மனிதரிடம் ஏறக்குறைய எதுவும் சேர்வதில்லை என்பதும் அதே முறையில் தெரிந்தது.

2018இல் மறுபடியும் மோதல். குழந்தைப் பருவத்துக்குப் பின் புதிய நியூரான்களைக் காண முடியவில்லை என்றது அல்வாரெஸ்-பூய்யா குழுவின் கட்டுரை; 14 முதல் 79 வயது வரையிலான 28 பேரிடம் அவை தொடர்கின்றன என்றது, சில வாரங்களில் வந்த மற்றொன்று. இளம் நியூரானைக் காட்டும் டி.சி.எக்ஸ். என்ற புரதம், திசுவைப் பதப்படுத்தும் கரைசலில் நெடுநேரம் ஊறினால் சாயத்துக்கு அகப்படாமற்போகிறது என்று 2019இல் ஸ்பெயின் குழு ஒன்று காட்டியது. ‘காணவில்லை’ என்பது ‘இல்லை’ ஆகாது என்று அவர்களும், ‘கண்டோம்’ என்பது ‘சரியான செல்லைக் கண்டோம்’ ஆகாது என்று எதிர்த்தரப்பும் வாதிட்டார்கள். இருவரும் சொல்வதில் நியாயம் உண்டு. 2025இல் ஃப்ரிசேன் குழு, செல் உட்கருக்களின் மரபணுச் செயல்பாட்டை ஒவ்வொன்றாகப் படித்து, வளர்ந்தவர்களின் ஹிப்போகேம்பஸிலும் பிளவுபடும் முன்னோடிச் செல்களைக் கண்டதாக எழுதியது. ஆனால் ஆளுக்கு ஆள் எண்ணிக்கை பெரிதும் வேறுபட்டது. என் கணிப்பைக் கேட்டால்: உண்டு, ஆனால் எலியைப் போல ஏராளமாக இல்லை.

கேள்வி: ஆய்வுக் கட்டுரைகளில் பி செல், சி செல், ஏ செல் என்று தலைகீழாக வருகிறதே, ஏன்? (மருத்துவ மாணவி, இரண்டாம் கேள்வி)

பதில்: 1997இல் அறைச் சுவரை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர்கள், நகரும் இளம் நியூரானுக்கு ஏ, ஆஸ்ட்ரோசைட்டுக்கு பி, இடைநிலைச் செல்லுக்கு சி, எபென்டைமல் செல்லுக்கு ஈ என்று உருவத்தைப் பார்த்துப் பெயரிட்டார்கள். யார் யாருக்குத் தாய் என்பது அப்போது தெரியாது. இரண்டு ஆண்டுகள் கழித்து, பி பெற்றது சி, சி பெற்றது ஏ என்று தெரியவந்தபோது பெயர்கள் ஊன்றிவிட்டன.